பாதீடு என்னும் பழஞ்சொல்
(வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இலங்கைத் தமிழர் அரசின் வரவு செலவுத் திட்டத்தைப் 'பாதீடு' என்றும் வழங்குகின்றனர். புதுச்சொல் போலத் தோன்றினும், இது தொல்காப்பியத்திலேயே உள்ளது. 'பகு' என்னும் வேரின் வழிவந்தது 'பாது'. அதற்குப் பங்கு என்பது பொருள். 'இடு' என்பது நீண்டு 'ஈடு' ஆயிற்று. ஆகவே பாதீடு என்றால் பங்கிடுதல். நம் எல்லைப்புறத்தில் கன்னடரும் தெலுங்கரும் பங்கினைப் 'பாலு' என்பர். தமிழில் 'பால்' என்பதற்கும் பகுதி என்னும் பொருள் உண்டு.

தொல்காப்பியர் இச்சொல்லை வெட்சித் திணையில் வைத்தார். பகைவரின் ஆநிரைகளைக் கவர்ந்து வந்தோர், அவற்றைத் தமக்குள் பகுத்துக் கொள்வதே பாதீடு. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைக் கண்டிருப்பீர்கள். அத்தகைய ஆநிரைப் பூசலில் வீழ்ந்த வீரர்க்கு எடுத்த நடுகற்கள் நம் பகுதியில் உண்டு.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். பாதீட்டை ஒரு துறையாகவும், கொடையை வேறொரு துறையாகவும் அவர் எண்ணினார். செயலில் கூடி நின்றவன் பெறுவது பங்கு. ஒருவர் உவந்து அளிப்பது கொடை.

நமக்கு இவ்வேறுபாடு உயிர் போன்றது. படித்து வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளைச் 'சலுகையில் வந்தவர்' என்று சிலர் இகழ்கின்றனர். சலுகை கொடுப்பவரின் விருப்பம். பங்கு பெறுபவரின் உரிமை. நாட்டின் செல்வத்தில், வயலிலும் சாலையிலும் ஆலையிலும் உழைத்த நம் முன்னோரின் வியர்வை கலந்திருக்கிறது. 'ஒதுக்கீடு' என்னும் சொல்லும் எனக்கு உறுத்துகிறது. ஊரின் ஓரத்தில் நம்மை வைத்ததையும் 'ஒதுக்கியது' என்றுதானே சொல்கிறோம்? பங்கீடு என்றே சொல்லிப் பழகுவோம்.

எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் 2013ஆம் ஆண்டிலும், நம் மாநிலத்தில் 2024ஆம் ஆண்டிலும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கு மக்கள்தொகைக்கு ஏற்ப நிதி ஒதுக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஆதிதிராவிடர் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர். ஆனால் ஏட்டில் எழுதிய தொகை நம் தெருவுக்கு வந்ததா என்று கேட்பவர் யார்? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. ஓசூரின் தனியார் ஆலைகளுக்கோ அரசின் இடப்பங்கீடு செல்லாது. அங்கே தொழிற்கல்வியே உங்களுக்குத் துணை.

இளைஞர்களே! பங்கைப் பெறுவோர்க்கு எண்ணத் தெரிய வேண்டும். அந்த எண்ணையும் எழுத்தையும் கற்பிக்கவே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்திருக்கிறது. பங்கு பெற்றவர்கள், பின்வரும் தம்பி தங்கையர்க்கும் பகுத்துக் கொடுங்கள்.