வாசலுக்கு வந்த கணக்கு



இன்று பேச்சு பணத்தைப் பற்றியது. பெரிய பணம் இல்லை. வீட்டு வாசலில் நின்று கொடுக்கும் சில்லறைப் பணம்.

முன்பெல்லாம் மாதம் பிறந்தால் வாசலுக்கு ஆள் மாற்றி ஆள் வருவார்கள். பால்காரர் வருவார். துணி வெளுப்பவர் வருவார். தவணைக்குச் சேலை கொடுத்தவர் வருவார். வீட்டு வரி வாங்க பஞ்சாயத்து பில் கலெக்டர் வருவார். கடன் கொடுத்தவரும் வருவார். இந்தியாவில் எந்த மாநிலத்துக்குப் போனாலும் இதே கதைதான். பேசும் மொழிதான் வேறு.

வந்தவர் கையில் ஒரு நோட்டு இருக்கும். வீட்டுப் பெண்ணிடம் என்ன இருந்தது? சுவர் இருந்தது.

பால் வாங்கியதும் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவார்கள். நான்கு கோடு போட்ட பிறகு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுப்பார்கள். அது ஒரு கட்டு. மாதக் கடைசியில் கட்டுகளை எண்ணினால் கணக்கு வந்துவிடும். எழுதத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த நோட்டு அது. நல்ல நோட்டுதான். ஆனால் மழைச் சாரல் பட்டால் அழிந்துவிடும். பண்டிகைக்கு வெள்ளை அடித்தாலும் போய்விடும். பிறகு பால்காரர் நோட்டில் இருப்பதுதான் கணக்கு. பால்காரர் நியாயமானவராக இருக்கலாம். பலர் அப்படித்தான் இருந்தார்கள். ஆனாலும் அந்த வீட்டுப் பெண் அவரை நம்பித்தான் ஆக வேண்டும். அவளுக்கு வேறு வழி இல்லை.

சிலர் வந்தால் பயம்தான் வரும். பீகாரிலும் வங்காளத்திலும் வெள்ளைக்காரர் காலத்தில் ‘சௌகிதாரி வரி’ என்று ஒன்று இருந்தது. சௌகிதார் என்றால் ஊர்க்காவலர். அவருக்குச் சம்பளம் கொடுக்க ஊர் மக்களிடமே வரி வாங்கினார்கள். அந்தக் காவலரோ அரசாங்கத்துக்கு உளவு சொன்னார். மக்களுக்கு எப்படி இருக்கும்? 1930-ல் காந்தியடிகள் சட்ட மறுப்பு இயக்கம் தொடங்கினார். அப்போது பல கிராமங்கள் இந்த வரியைக் கட்ட மறுத்தன. சில ரூபாய் வரிக்காக, நூற்றுக்கணக்கான ரூபாய் பெறும் சொத்தை எடுத்துப் போனார்கள்.

கல்கத்தா ஆலைத் தொழிலாளிக்கு வேறு பயம். காபூல் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அங்கே வட்டிக்குப் பணம் கொடுத்தார்கள். சம்பள நாளில் கையில் தடியோடு ஆலை வாசலில் நிற்பார்கள். முதலில் வட்டியை வாங்குவார்கள். அசல் அப்படியே இருக்கும். தொழிலாளர் நிலைமையை ஆராய அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1931-ல் வந்தது. கடனுக்காக ஆலை வாசலை வளைத்து நிற்பதைக் குற்றமாக்க வேண்டும் என்று அது சொன்னது.

இப்படி வந்தவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போனவர்கள். வாங்கிப் போய், சேர்த்து, திருப்பித் தருவதற்காகவும் ஒருவர் வந்தார். அந்தக் கதை உடுப்பியில் தொடங்குகிறது.

உடுப்பி இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. அன்று அது சென்னை மாகாணத்து ஊர். 1925-ல் அங்கே கைத்தறி நெசவு நொடித்துப்போயிருந்தது. நெசவாளர்களுக்குக் கடன் கொடுக்க ஆள் இல்லை. மருத்துவர் டி.எம்.ஏ. பை, வணிகர் உபேந்திர அனந்த பை, பொறியாளர் வாமன் குட்வா ஆகிய மூவர் சேர்ந்து ஒரு வங்கியைத் தொடங்கினார்கள். முதல் 8,000 ரூபாய்தான். பின்னாளில் அதற்கு சிண்டிகேட் வங்கி என்று பெயர் வந்தது.

ஏழைகள் வங்கிக்கு வரவில்லை. வருவார்களா? கூலி வேலையை விட்டுவிட்டு, இரண்டு அணாவைக் கட்ட யார் வங்கிப் படி ஏறுவார்கள்? ஆகவே 1928-ல் வங்கியே வாசலுக்கு வந்தது. அந்தத் திட்டத்துக்கு ‘பிக்மி’ சேமிப்பு என்று பெயர். பிக்மி என்றால் குள்ளம் என்று பொருள். சின்னஞ்சிறு சேமிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் இரண்டு அணா கொடுத்தாலும் போதும்.

இரண்டு அணாவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரூபாய்க்கு 16 அணா. எட்டு நாள் கட்டினால் ஒரு ரூபாய். 30 நாள் கட்டினால் மூன்று ரூபாய் 12 அணா. ஒரு வருடம் விடாமல் கட்டினால் 45 ரூபாய் 10 அணா. அந்தக் காலத்தில் இது ஏழை வீட்டில் ஒன்றாகப் பார்க்க முடியாத பணம்.

பிக்மி வாங்குபவர் தினமும் வருவார். பெட்டிக்கடைக்குப் போவார். சந்தையில் மீன் விற்கும் பெண்ணிடம் போவார். பூக்காரியிடம் போவார். பீடி சுற்றும் வீட்டுத் திண்ணையில் நிற்பார். பணத்தை வாங்கித் தன் தாளில் எழுதுவார். கொடுத்தவரின் பாஸ் புத்தகத்திலும் எழுதுவார். கவனியுங்கள், இரண்டு இடத்தில் எழுத்து. ஒன்று அவரிடம், ஒன்று வீட்டில். கரிக்கோடு போட்ட சுவர் செய்ய முடியாததை அந்தச் சின்னப் புத்தகம் செய்தது. வட்டி குறைவு என்பது உண்மைதான். தினம் ஒருவர் நடந்து வந்து வாங்கினால், அவருக்கும் கூலி கொடுக்க வேண்டுமே!

அவருடைய கூலியும் ஒரு கதை. அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வசூலில் கமிஷன்தான். மழையில் நடப்பார். வெயிலில் நடப்பார். ஊருக்கே சேமிப்பைச் சொல்லிக்கொடுத்தவருக்கு, முதுமையில் கைக்கு ஒன்றும் வராது. இவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்ல என்று வங்கிகள் சொல்லின. வசூல்காரர்கள் விடவில்லை. வழக்கு ஹைதராபாத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கே 1988-ல் தீர்ப்பு வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நடந்தது. இவர்களும் தொழிலாளர்களே என்று 2001-ல் அந்த நீதிமன்றம் சொன்னது. பணிக்கொடை கேட்கும் உரிமை கிடைத்தது. அதற்குள் பலருக்கு முடி நரைத்துவிட்டது.

அஞ்சலகச் சேமிப்புக்கும் இப்படி ஆட்கள் வந்தார்கள். 1972-ல் அரசாங்கம் அந்த வேலைக்குப் பெண்களை முகவர்களாகச் சேர்த்தது. வாசலுக்கு வந்த ஆள் ஒரு பெண் என்றதும், பல வீடுகளில் பேச்சே மாறிவிட்டது. பெண்ணோடு பெண் உட்கார்ந்து பேசினார்கள்.

ஆனால் ரசீது கையில் இருந்தால் மட்டும் போதுமா? மேற்கு வங்கத்தில் சாரதா என்ற குழுமம் ஊர் ஊராக முகவர்களை வைத்துப் பணம் வாங்கியது. வந்தவர் தெரிந்த ஆள். பக்கத்து வீட்டுப் பையன், இல்லாவிட்டால் சொந்தக்காரர். ரசீதும் ஒழுங்காகக் கொடுத்தார். 2013 ஏப்ரலில் குழுமம் கவிழ்ந்தது. லட்சக்கணக்கான ஏழைகளின் பணம் போயிற்று. அந்தக் குழுமம் உரிய அனுமதி பெறாமல் பணம் வாங்கியிருந்தது. ரசீதில் தொகை சரி, தேதி சரி, கையெழுத்தும் சரி. தாளின் தலையில் இருந்த பெயர் யாருடையது, அதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்டவர் குறைவு. வசூலித்த முகவர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களே தங்கள் சொந்தப் பணத்தையும் அதில் போட்டிருந்தார்கள். ஊரார் வந்து அவர்கள் வாசலில் நின்றார்கள்.

சிண்டிகேட் வங்கி 1969-ல் அரசுடைமை ஆனது. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி கனரா வங்கியோடு சேர்ந்துவிட்டது. பிக்மி என்ற சொல் மட்டும் கர்நாடகத்தில் போகவில்லை. கூட்டுறவுச் சங்கங்களின் ஆட்கள் இன்றும் கடை கடையாக வருகிறார்கள். பலர் கையில் நோட்டுக்குப் பதிலாக ஒரு சிறிய இயந்திரம் இருக்கிறது. தொகையைத் தட்டினால் ‘கிர்’ என்று ஒரு சீட்டு வரும். அந்த எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். அதனால் அன்றன்றைக்கே தேதியையும் தொகையையும் பேனாவால் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.