டெல்லி மைதானம் சொல்லும் பாடம்

(வேங்கிக்கால் இளைஞர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பந்து உதைக்கிற பிள்ளைகளோடு ஆலிமுக்கு என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே அபிசீனியர்கள் ஈட்டி விளையாடினார்கள். நாயகம் அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களையும் பார்க்க வைத்தார்கள். தொழுகையைப் பாழாக்காத, சூது கலக்காத விளையாட்டு நமக்கு ஆகாததல்ல.

டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு மைதானம் இருக்கிறது. இன்று அது தியான் சந்த் பெயர் தாங்கிய ஹாக்கி மைதானம். பாவ்நகர் மகாராஜாவின் நன்கொடையில் 1933-ல் கட்டப்பட்டபோது அதன் பெயர் இர்வின் ஆம்பிதியேட்டர். அந்த மண்ணில் நடந்த இரண்டு கால்பந்து ஆட்டங்களை நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, 1940 டிசம்பர் 12. டுராண்ட் கோப்பை 1888-ல் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காகச் சிம்லாவில் தொடங்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்த இந்தியக் குழுவும் அதைத் தொட்டதில்லை. அன்றுதான் கல்கத்தா முகம்மதன் ஸ்போர்ட்டிங், ராயல் வார்விக்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்தியது. மூடிக் கிடந்த கதவு அன்று திறந்தது.

இது திடீரென்று கிடைத்ததா? இல்லை. 1891-ல் பிறந்த அந்த மன்றம் பல்லாண்டு பின்வரிசையில் கிடந்தது. பிறகு நிர்வாகிகள் ஊர் ஊராகத் தேடி ஆட்களைச் சேர்த்தார்கள். நமக்குப் பக்கத்திலிருக்கும் பெங்களூரிலிருந்தும் வீரர்கள் போனார்கள். வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள், மழைச் சேற்றில் வழுக்காதிருக்க பூட்ஸ் அணிந்து பழகினார்கள். அதன் பலன், 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக் பட்டம்! கோஷம் போட்டு அது வரவில்லை. திட்டமும் பயிற்சியும் கொண்டு வந்தன.

ஆனால் அந்தக் காலம் பொல்லாத காலம். அதே 1940 மார்ச்சில்தான் லாகூர் தீர்மானம். ஆட்டத்தின் வெற்றி தோல்வியையும் சமூகக் கணக்கில் எழுதிய காலம் அது. ஏழே ஆண்டுகளில் தேசம் துண்டானது. இங்கேயே தங்கிய முஸ்லிம்களை நோக்கி, "நீ யார் பக்கம்?" என்ற கேள்வி எழுந்தது. இன்றும் அது ஓயவில்லை.

அதற்குப் பதிலைத்தான் இரண்டாவது ஆட்டத்தில் பார்க்கிறோம். 1951 மார்ச். அதே மைதானத்தில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி. இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. கோல் போட்டவர் மேவாலால். தலைவர் சைலன் மன்னா. அணியில் வெங்கடேஷ் இருந்தார். பெங்களூர் அகமது கானும் இருந்தார். இவர்களைப் பயிற்றுவித்தவர் யார்? ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம்!

சகோதரர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். 1948 செப்டம்பரில் ராணுவ நடவடிக்கை மூலம் ஹைதராபாத் இணைக்கப்பட்டது. அதையொட்டி அங்குள்ள முஸ்லிம்கள் பட்ட துயரம் கொஞ்சமல்ல. இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை. அந்த ஊர்க்காரர் இந்திய அணியைத் தங்கம் வெல்ல வைக்கிறார். அவர் யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை. தம் வேலையைச் செய்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம். புற்றுநோயோடு போராடிக்கொண்டே அதைச் சாதித்து, 1963-ல் இறையடி சேர்ந்தார். ஆசியப் போட்டிக் கால்பந்தில் அதற்குப் பிறகு இந்தியா தங்கம் வெல்லவில்லை.

இளைஞர்களே! இந்த நாட்டில் உனக்கென்ன பங்கு என்று யாராவது கேட்டால் கோபப்பட்டுக் கை ஓங்காதீர்கள். இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். சொல்வதோடு நிற்காமல் அதில் ஒரு வரி நீங்களும் எழுதுங்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே தெருமுனையில் செல்போனோடு கழிகிற நேரம் மைதானத்துக்குப் போகட்டும். உங்கள் அணியில் பக்கத்துத் தெரு இந்து, கிறிஸ்தவ நண்பர்களும் ஆடட்டும். மன்னாவும் மேவாலாலும் ரஹீமும் சேர்ந்துதான் அந்தத் தங்கம் வந்தது.

வணிகப் பெருமக்களே! கோப்பைக்கும் வரவேற்புப் பதாகைக்கும் தாராளமாகக் கொடுக்கிறீர்கள். ஒரு பயிற்சியாளரின் மாதச் சம்பளத்துக்கும், ஏழைப் பிள்ளையின் பூட்ஸுக்கும் கொடுத்துப் பாருங்கள். பாவ்நகர் மகாராஜா மைதானத்துக்குக் கொடுத்தார். அதில் யார் ஆடி வெல்வார்கள் என்று அவருக்குத் தெரியாது. கொடுப்பவர் கடமை கொடுப்பது.

ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில், எல்லாப் பிள்ளைகளும் ஆட ஒரு நல்ல மைதானம் கேட்பது நம் உரிமை. எல்லாச் சமுதாயத்தாரின் கையொப்பத்தோடும் மனு கொடுப்போம். ஒருமுறை கொடுத்துவிட்டு உறங்காமல், கிடைக்கும்வரை தொடர்வோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடலுக்கு வலிமையும் உள்ளத்துக்கு ஒழுக்கமும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.