மூடியின் நிறம் என்ன சொல்கிறது?

 

ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கக் கொடுத்திருக்கிறீர்களா? அநேகமாக எல்லோரும் கொடுத்திருப்பீர்கள். குத்துவது ஒரே ஊசி. ஆனால் இரத்தத்தை இரண்டு, மூன்று குழாய்களில் பிடிக்கிறார்கள். ஒரு குழாயின் மூடி ஊதா. இன்னொன்று சிவப்பு. மற்றொன்று சாம்பல் நிறம். இது எதற்கு? ஒரே குழாய் போதாதா? இன்று இதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் ஒரு பயத்தைப் போக்குவோம். "இவ்வளவு இரத்தம் எடுக்கிறார்களே!" என்று சிலர் பயப்படுகிறார்கள். பெரியவர் ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. மூன்று குழாய்களுக்கும் சேர்த்து எடுப்பது 10 மில்லி அளவுதான். அதாவது இரண்டு டீஸ்பூன். அதை உடம்பு சீக்கிரம் ஈடு செய்துவிடும்.

கையில் கத்தி பட்டால் இரத்தம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடுகிறது. குழாயிலும் அப்படித்தான். ஆனால் சில சோதனைகளுக்கு இரத்தம் உறையக் கூடாது. சில சோதனைகளுக்கு உறைய வேண்டும். அதனால்தான் குழாய்கள் வேறு வேறாக இருக்கின்றன.

ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து உண்டு. இரத்த சோகை இருக்கிறதா என்று இதில் பார்ப்பார்கள். வெள்ளை அணுக்களையும் தட்டணுக்களையும் எண்ணுவார்கள். டெங்குக் காய்ச்சலில் தட்டணு குறைகிறதா என்று பார்ப்பதும் இதில்தான்.

சிவப்பு மூடிக் குழாயில் இரத்தம் உறைய வேண்டும். அதற்கு அரை மணி நேரம் ஆகும். பிறகு அதை மெஷினில் வைத்துச் சுற்றுவார்கள். தயிரின் மேல் தண்ணீர் நிற்பது போல, மேலே மஞ்சளாக ஒரு நீர் நிற்கும். அதற்கு சீரம் என்று பெயர். கல்லீரல், சிறுநீரகம் எப்படி இருக்கின்றன என்று சீரம் சொல்லும். சில காய்ச்சல்களையும் காட்டிக் கொடுக்கும்.

நம் தீவில் நடந்ததையே சொல்கிறேன். 1988 முதல் மழைக்காலம் முடியும்போது இங்கே ஒரு காய்ச்சல் வந்தது. சிலர் இருமி, இரத்தம் கக்கி இறந்தார்கள். காரணம் தெரியவில்லை. 1993-இல் திக்லிப்பூர் பக்கம் அது மறுபடியும் வந்தது. போர்ட் பிளேரில் உள்ள மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையத்தார் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீராலும் சேற்றாலும் பரவும் நோய் அது. தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். அந்த போர்ட் பிளேருக்குத்தான் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.

மஞ்சள் மூடிக் குழாயும் சீரம் எடுக்கத்தான். இதில் பசை போல ஒரு பொருள் இருக்கிறது. சுற்றிய பிறகு அது சீரத்துக்கும் உறைந்த இரத்தத்துக்கும் நடுவே சுவர் போல நிற்கும். இரண்டும் மறுபடி கலக்காது. இரத்தத்தைத் தொலைவுக்கு அனுப்ப இது வசதி.

சாம்பல் மூடி சர்க்கரை பார்ப்பதற்கு. மீன் பிடித்தவுடன் ஐஸ் போடுகிறோம். ஏன்? கெடாமல் இருக்க. இரத்த அணுக்கள் குழாயில் இருக்கும்போதும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாம்பல் மூடிக் குழாயில் உள்ள மருந்து அதைத் தடுக்கும். இல்லாவிட்டால் நேரம் ஆக ஆக சர்க்கரை குறைவாகக் காட்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்கும் "நோய் இல்லை" என்று வந்துவிடலாம்.

வெளிர் நீல மூடி, இரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்க. இதில் மருந்து ஒரு பங்கு, இரத்தம் ஒன்பது பங்கு. கோடு வரை நிரப்ப வேண்டும். குறைந்தால் கணக்குத் தவறும்.

ஒரு குழாயின் இரத்தத்தை மற்றொன்றில் ஊற்றலாமா? கூடாது. ஊதாக் குழாயின் மருந்தில் பொட்டாசியம் என்ற உப்பு இருக்கிறது. அது சிவப்புக் குழாயில் கலந்தால், உடம்பில் பொட்டாசியம் மிக அதிகம் என்று காட்டும். இல்லாத நோய்க்கு வைத்தியம் நடக்கும். குழாயை வேகமாகக் குலுக்கவும் கூடாது. அணுக்கள் உடைந்துவிடும். மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இது அவர்கள் வேலை.

நம் வேலை என்ன?

1. வெறும் வயிற்றில் வரச் சொன்னால் அப்படியே போக வேண்டும். தண்ணீர் குடிக்கலாம்.

2. சாப்பிடும் மருந்துகளைச் சொல்ல வேண்டும்.

3. ஊசி புதிதா என்று பார்க்க வேண்டும். உறையை நம் எதிரில் பிரிக்கச் சொல்லலாம்.

4. கையைத் திரும்பத் திரும்ப மூடித் திறக்க வேண்டாம். அதனாலும் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும்.

5. குழாயில் நம் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதுதான் மிக முக்கியம்.

ஒரே நாளில் இரண்டு லட்சுமி வரலாம். மூன்று முருகன் வரலாம். குழாய் மாறினால் ஒருவர் நோய் இன்னொருவர் பெயரில் போகும். மருந்தும் மாறும். உயிருக்கே ஆபத்து வரலாம். சோதனையைத் திரும்பச் செய்வதும் நமக்கு எளிதல்ல. சிலர் ஒரு நாள் கூலியை விட்டு, கப்பல் ஏறி வர வேண்டும்.

"பெயரை ஆங்கிலத்தில் எழுதுகிறார்களே, எனக்குத் தமிழ்தானே தெரியும்?" என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் சீட்டில் ஓர் எண் இருந்தால், குழாயிலும் அதே எண் இருக்க வேண்டும். வயதும் இருக்கும். எண்கள் நமக்குத் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் உடனே சொல்லுங்கள். எண் இல்லாவிட்டால், "பெயரைப் படித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்பது தப்பில்லை. அது நம் உரிமை.

மூடியின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறலாம். நிறத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் பெயரையும் எண்ணையும் நாம் பார்த்துக்கொள்வோம். படித்த படிப்பு அதற்கும் உதவட்டும்.