அடிபட்டவரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது?

(பேராதனையில் தோட்டச் சுகாதாரத் தொண்டர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவ்வாத்து மலையில் ஒருவர் சறுக்கி விழுகிறார். ஃபெக்டரி ரோலரில் ஒரு கை மாட்டிக்கொள்கிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? நாலு பேராய்த் தூக்கி, கிடைத்த வாகனத்தில் உட்கார வைத்து, "கண்டிக்கு விடு"ன்னு சொல்கிறோம். நல்ல மனசுதான். ஆனால் உட்கார வைத்ததிலேயே முதுகெலும்பு மேலும் கெட்டுப்போகலாம். கண்டி சேருமுன் இரத்தம் வடிந்தே உயிர் போகலாம்.

2025 மே 11ஆம் திகதி அதிகாலையில் கொத்மலை கெரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். காயப்பட்டவர்கள் அத்தனை பேரையும் ஒரே ஆஸ்பத்திரி தாங்குமா? கம்பளை, நாவலப்பிட்டி, நுவரெலியா, பேராதனை என்று பல இடங்களுக்கும் அனுப்ப வேண்டியதாயிற்று. யாரை எங்கே அனுப்புவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்தால்தான் அப்படிப்பட்ட நேரத்தில் உயிர்கள் தப்பும்.

கொழுந்து மடுவத்தில் தேயிலை அரைப்பதில்லை. ஆனாலும் கொழுந்து அங்கே நின்றுதான் போகிறது. கிட்டத்து ஆஸ்பத்திரியும் அப்படித்தான். அங்கே சத்திர சிகிச்சை செய்யாவிட்டாலும், இரத்தத்தை நிறுத்தலாம், மூச்சுக்கு வழி செய்யலாம், சேலைன் ஏற்றலாம், "இப்படியொரு நோயாளி வாறார்"ன்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணலாம். அந்த ஒரு ஃபோன் போனால் பேராதனையிலோ கண்டியிலோ இரத்தமும் சத்திர சிகிச்சைக் கூடமும் தயாராய் இருக்கும். போகாவிட்டால் அங்கே போய்த்தான் எல்லாம் ஆரம்பமாகும். மலைப் பாதையில் போகிற நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. ஒவ்வொரு வாசலிலும் காத்துக் கிடக்கிற நேரத்தைக் குறைக்கலாம்.

இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டிலிருந்து நாடு முழுவதும் இப்படி ஆஸ்பத்திரிகளைக் கூட்டாகப் பிணைத்திருக்கிறார்கள். பலத்த அடிபட்டவரை, கூடுமானால், வழியிலுள்ள சிறிய ஆஸ்பத்திரிகளைத் தாண்டி நேரே அதற்கென ஒதுக்கிய பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகிறார்கள். நம்முடைய வளைந்த பாதைகளுக்கு அது அப்படியே பொருந்தாது. இங்கே இடையில் நின்றுதான் ஆக வேண்டும். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். சுகாதாரத் திணைக்களத்திடம் நாம் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமாகிப் பின்னர் நாடு முழுவதும் வந்தது. காசு கேட்கமாட்டார்கள். பயிற்சி பெற்றவர்களும் ஒட்சிசனும் அந்த வண்டியிலேயே வரும். ஆனால் "எங்க லயத்துக்கு வாங்க"ன்னா அவர்களுக்கு எப்படித் தெரியும்? தோட்டத்தின் பேர், டிவிஷன், பெரிய ரோட்டில் எந்தச் சந்தியில் திரும்புவது, இதையெல்லாம் சொல்லுங்கள். டோர்ச் லைட்டோடு ஒருவரைச் சந்தியில் நிறுத்துங்கள்.

வண்டி வரும்வரை இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். தேயிலைத் தூளோ கோப்பித் தூளோ காயத்தில் அப்பவேண்டாம். குத்தி நிற்கும் கத்தியைப் பிடுங்கவேண்டாம். தேத்தண்ணியும் கொடுக்கக்கூடாது, மயக்க மருந்து கொடுக்கும்போது ஆபத்து. விழுந்தவரைத் தூக்கித்தான் ஆகவேண்டுமென்றால் கதவுப் பலகையில் நேராகக் கிடத்தித் தூக்குங்கள். தலையில் அடிபட்டவர் கொஞ்ச நேரம் நல்லாப் பேசிவிட்டுப் பிறகு தூங்கி வழிந்தால், "குடிச்சிருக்கான்"னு விட்டுவிடாதீர்கள். மண்டைக்குள் இரத்தம் கசியலாம். அவரை உடனே அனுப்ப வேண்டும்.

லொறிக்கு அனுமதி கேட்டு பங்களாவுக்கு ஓடுகிற வழக்கம் எங்காவது இன்னும் இருந்தால், விபத்து நேரத்தில் யார் சாவி கொடுப்பது என்பதை இப்போதே துரையிடம் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து நடந்த நேரம், கொடுத்த மருந்து, நோயாளியின் வழக்கமான வருத்தங்கள் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதி, கூடப்போகிறவர் கையில் கொடுங்கள். கிட்டத்து ஆஸ்பத்திரியின் ஃபோன் நம்பரையும், அம்பியூலன்ஸ் வந்து திரும்பக்கூடிய இடத்தையும் இந்தக் கிழமையே பிள்ளைமடுவச் சுவரில் பெரிசாக எழுதி வையுங்கள்.