ஆடியவர், ஆட்டுவித்தவர்: ருக்மிணி தேவி அருண்டேல்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நமது பாட்டிமார் காலத்தில் பாடசாலை மேடையில் பிள்ளைகள் கும்மியும் கோலாட்டமும் ஆடினால் போதும். சதிர் என்ற சொல்லை வீட்டில் வாய்விட்டுச் சொல்லவே கூசுவார்கள். அதே ஆட்டம் இன்று பரதநாட்டியம் என்ற பெயரில் நமக்குப் பாடமாகவும், வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சையாகவும் இருக்கிறது. இந்த மாற்றத்தின் நடுவில் நின்றவர்களில் ஒருவர் ருக்மிணி தேவி.

1904இல் மதுரையில் பிறந்தவர். 1920இல் தம்மைவிட 26 வயது மூத்த ஆங்கிலேயர் ஜோர்ஜ் அருண்டேலை மணந்தபோது சென்னையே கொதித்தது. நடனத்துக்கு அவர் வந்தது சுற்றுவழியில். ருஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பால் முதலில் பலே பயின்றார். உங்கள் நாட்டுக் கலையைத் தேடிப் பாருங்கள் என்று அவரைத் திருப்பிவிட்டவரும் பாவ்லோவாதான். 1933இல் சென்னை மியூசிக் அகாடமியில் பந்தநல்லூர்ச் சகோதரிகளின் சதிரைப் பார்த்தார். பின்னர் அவர்களின் குருவான மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமே கற்கத் தொடங்கினார். அப்போது வயது முப்பதை ஒட்டியிருந்தது. நம்மில் பலருக்கு முப்பதில் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது!

1935 டிசம்பரில் அடையாற்றில் மேடையேறினார். அடுத்த மாதமே பள்ளியைத் தொடங்கினார். அதுதான் கலாக்ஷேத்திரா. எங்களுக்குப் படிப்பித்த ரீச்சர் அங்கே பயின்று வந்தவர். அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் திறக்கவேண்டும், கை நீட்டினால் கோடு கீறியதுபோல் நிற்கவேண்டும். ஒரு தட்டடவுக்கே மாதக்கணக்கில் நின்றோம். எப்போது பாட்டுக்கு ஆடவிடுவார் என்று ஏங்கியிருக்கிறோம். இலங்கையிலிருந்து அடையாறு சென்ற பிள்ளைகள் பலர் அந்தக் கண்டிப்பையே ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

தனித்து ஆடிப் புகழ் பெறுவதைவிட, பிறரை ஆடவைப்பதில்தான் அவர் உயிர் இருந்தது என்பது எங்கள் எண்ணம். 1944இல் குற்றாலக் குறவஞ்சி, 1947இல் குமாரசம்பவம். பிறகு இராமாயணம்: 1955இல் சீதா சுயம்வரத்தில் தொடங்கி 1970இல் மகாபட்டாபிஷேகம் வரை ஆறு நாட்டிய நாடகங்கள். இராமாயணத்துக்கு இசையமைக்க வந்த மைசூர் வாசுதேவாச்சாரியாருக்கு அப்போது தொண்ணூறு வயது. அவர் 1961இல் மறைந்தபின் பேரன் இராஜாராம் தொடர்ந்தார். அம்பு பணிக்கர், சந்து பணிக்கர் ஆகிய கதகளி ஆசான்களை ருக்மிணி தேவி தம் பள்ளிக்கு அழைத்து வைத்திருந்ததால், அந்த நாடகங்களின் ஆண் பாத்திரங்களுக்குத் தனிக் கம்பீரம் கிடைத்தது. ஆடையும் நகையும்கூட அவர் பார்வைக்குத் தப்பவில்லை. சேலை நெய்யப் பள்ளியிலேயே தறி போட்டார்.

நூற்றாண்டு மேடை என்பதற்காகப் புகழை மட்டும் பேசிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. இந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் தேவதாசி மரபுப் பெண்கள். அவர்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆட்டம் 'நல்ல குடும்பத்து' வீடுகளுக்குள் நுழைந்த அதே காலத்தில், அந்தப் பெண்களில் மிகப் பலர் மேடையை இழந்தார்கள். ருக்மிணி தேவி சிருங்காரப் பதங்கள் சிலவற்றை ஒதுக்கினார். அந்த மரபில் வந்த பாலசரஸ்வதியோ, சிருங்காரமே இக்கலையின் உச்சம், அதைத் தூய்மைப்படுத்த எவரும் தேவையில்லை என்றார். இதில் நாங்கள் பாலசரஸ்வதியின் பக்கம். ஆனால் ருக்மிணி தேவி அந்தக் கதவைத் திறந்திராவிட்டால் நமது அப்பாமார் நமக்குச் சலங்கை வாங்கித் தந்திருப்பார்களா? மாட்டார்கள்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவை. 1952இல் இந்திய மேலவை உறுப்பினரானார். விலங்குவதைத் தடைச் சட்டம் 1960இல் வந்ததற்கு அவரது உழைப்பே முக்கிய காரணம். 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி பிரதமர் மொரார்ஜி தேசாய் கேட்டபோது மறுத்துவிட்டார். 1986 பெப்ரவரியில் மறைந்தார்.

புதிய நடன மண்டபத்தில் ருக்மிணி தேவியின் படத்தை மாட்டச் சங்கம் தீர்மானித்திருப்பது மகிழ்ச்சி. அதன் இரு பக்கமும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் படமும் பாலசரஸ்வதியின் படமும் இருக்கவேண்டும் என்று எங்கள் வகுப்பினர் செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். சட்டம் போடும் செலவு, ஆணி உட்பட, எங்களுடையது.