கல்லூரி வகுப்பும் கைக்கருவியும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘கலைக் கல்லூரி ஆசிரியரும் இக்காலக் கருவிகளும்’ என்பது இன்று நமக்கு அளிக்கப்பெற்றுள்ள தலைப்பு. பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தர் பணி புரியும் நம்மைப் போன்றோர் கல்லூரியைப் பற்றிப் பேசலாமா என்று சிலருக்கு ஐயம் எழலாம். உள்ளே அமர்ந்து படித்தவர்க்குக் கல்லூரியின் அருமை பழகிப் போயிருக்கும். வாயிலுக்கு வெளியே நின்று நோக்கியவர்க்கோ, அங்கே மட்டும் கிடைப்பது எது என்பது சற்றுத் தெளிவாகவே தெரியும். அந்த உரிமையில் சில சொற்கள் கூறுகின்றோம்.

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும், கரக்பூரில் நம் குடியிருப்பின் வீடுகள் சிலவற்றில் ஒரு வழக்கு நடைபெறுகின்றது. மகனோ மகளோ, ‘வரலாறு படிக்க விரும்புகிறேன், இலக்கியம் படிக்க விரும்புகிறேன்’ என்று சொன்னால் பெற்றோர் திகைக்கின்றனர். வேலை கிடைக்குமா என்பது பழைய கேள்வி. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பங்களில் அக்கேள்வி எழுவது நியாயமே. அதற்கு விடை அவரவர் குடும்ப நிலையைப் பொறுத்தது. இப்போது புதிதாக மற்றொரு கேள்வி சேர்ந்திருக்கின்றது. ‘அந்தப் பாடமெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே! அதற்கென்று ஒரு கல்லூரி வேண்டுமா?’ என்பதே அது. இந்த இரண்டாவது கேள்வியைத்தான் இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

கருவி மாறும்போது ஆசிரியருக்கு என்ன நேர்கிறது என்பதை அறிய நம் மொழியிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. உ. வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஏட்டுச் சுவடி வழியே பாடம் கேட்டவர். 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முன்சீப் அவரைக் கண்டு, என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என வினவினார். ஐயரவர்கள் அந்தாதி, கோவை, புராணம் என்று அடுக்கினார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். அதுவரை அதை ஐயரவர்கள் படித்ததில்லை. பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய பெரும்பணி அந்த ஒரு கேள்வியிலிருந்தே தொடங்கிற்று.

சிந்தாமணிச் சுவடி கையில் கிடைத்தது. நச்சினார்க்கினியர் உரையும் உடன் இருந்தது. ஆயினும் அதிலுள்ள சமண சமயக் கருத்துகள் பல விளங்கவில்லை. கும்பகோணத்திலேயே சமணர் வாழ்கின்றனர், அவர்கள் இந்நூலைப் போற்றிப் படித்து வருகின்றனர் என்று அறிந்ததும், கல்லூரி ஆசிரியராகிய அவர் அவர்களுடைய இல்லம் தேடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். சுவடி சொல்லாததை மனிதர் சொன்னார். அதன் பின்னரே 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. புதிய கருவியைக் கண்டு அவர் அஞ்சியவர் அல்லர். முதுமையில் தம் வாழ்க்கை வரலாற்றை 1940 முதல் ஆனந்த விகடன் வார இதழில் தொடர்ந்து எழுதினார். ஓலையில் கற்றவர் வார இதழ் வழியே வீட்டுக்கு வீடு சென்றார். எனினும் ஒன்று நோக்குக: அவர் பணியைத் தொடங்கி வைத்ததும் ஒரு மனிதர் கேட்ட கேள்வி, நிறைவேற்றித் தந்ததும் மனிதர் சொன்ன விடை.

மற்றொரு மொழியாசிரியரையும் இங்கே நினைவு கூர்தல் தகும். அவர் கனடா நாட்டினர். மார்ஷல் மக்லூகன் என்பது பெயர். 1936-இல் அமெரிக்காவிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கச் சென்றார். தம் முன் அமர்ந்திருந்த இளைஞர்களின் உலகம் அவருக்குப் பிடிபடவில்லை. ‘இக்காலப் பிள்ளைகள் கெட்டுவிட்டனர்’ என்று சொல்லி அவர் ஓய்ந்துவிடவில்லை. அவர்கள் நாளும் பார்க்கும் விளம்பரங்களையும் படக்கதைகளையும் எடுத்து, காவியத்தை ஆராய்வது போலவே ஆராயலானார். அதன் பயனாக 1951-இல் ஒரு நூலும், பின்னர் டொராண்டோவில் பேராசிரியராக இருந்தபோது 1964-இல் மற்றொரு நூலும் வெளிவந்தன. ஒரு கருவி கொண்டுவரும் செய்தியை மட்டும் பார்த்தால் போதாது, அந்தக் கருவி நம் பார்வையையும் பழக்கத்தையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே அவர் கருத்தின் சாரம். பெற்றோராகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பிள்ளையின் கைப்பேசியைப் பறிப்பதற்கு முன், அதில் அவன் எதைப் பார்க்கிறான், அது அவனை என்ன செய்கிறது என்று அருகில் அமர்ந்து பார்க்கும் பொறுமை வேண்டும்.

நம் நாட்டிலும் வகுப்பறையைக் கருவியின் வழியே விரிக்கும் முயற்சி பல முறை நடந்துள்ளது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக் கோள் வழியாகத் தொலைக்காட்சிக் கல்வி நிகழ்ச்சிகள் சென்றன. 1984 ஆகஸ்டு 15-ஆம் நாள் பல்கலைக் கழக மானியக் குழு, நாடு தழுவிய வகுப்பறை என்னும் நிகழ்ச்சியைத் தூர்தர்ஷனில் தொடங்கிற்று. பேராசிரியரைக் காண வாய்ப்பில்லாத சிற்றூர் மாணவனுக்கும் அவர் முகமும் குரலும் கிட்டின. 2017-இல் மத்திய அரசு ‘ஸ்வயம்’ என்னும் இணையப் பாடத் திட்டத்தைத் தொடங்கியது. விரும்பிய நேரத்தில், விரும்பிய பாடத்தைக் கட்டணமின்றிக் கேட்கலாம். கல்லூரி வாயிலை மிதிக்க இயலாது போன நம்மைப் போன்றோர்க்கு இவை பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. இவற்றைக் குறை கூறுதல் நன்றி கெட்ட செயலாகும்.

ஆயினும் 2020-ஆம் ஆண்டு நமக்கு ஓர் உண்மையைக் காட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் பயணி இரயில்கள் நின்றன, கல்லூரிகளும் மூடப்பட்டன. பாடங்கள் கைப்பேசிக்கு இடம் பெயர்ந்தன. சொற்பொழிவு நிற்கவில்லை, பாடக்குறிப்பும் வந்து சேர்ந்தது, தேர்வும் நடந்தது. ஆனால் ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரே கைப்பேசியும் இருந்த குடும்பங்கள் பட்ட பாடு நாம் அறிவோம். கருவி இருந்த வீட்டிலும் பிள்ளைகள் வாடினர். பாடம் இருந்தது, உடன் படிப்பவன் இல்லை.

உடன் படிப்பவனால் என்ன கிடைக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இவ்வூர்க் கலைக் கல்லூரியின் வரலாற்று வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பாடம் நடப்பதாகக் கொள்வோம். அங்கே வங்காளி, தெலுங்கர், ஒடியர், இந்தி பேசுவோர், நம்மவர் என எல்லாரும் அமர்ந்திருப்பர். நம் பிள்ளை ஒருத்தியின் முன்னோர் 1942-இல் பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து நடந்தே வந்தவராக இருக்கலாம். அவ்வாறு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அருகில் அமர்ந்த வங்காள மாணவியின் வீட்டில் 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் நினைவு இன்றும் இருக்கலாம். இவ்விருவரும் தத்தம் வீட்டுக் கதையைத் தனித்தனித் துயரமாகவே கேட்டு வளர்ந்தவர்கள். ஆசிரியர் இருவரையும் பேச விட்டு, பின்னர் எடுத்துச் சொல்வார்: சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர், அங்கிருந்த நம்மவர் அகதிகளாயினர், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றது, வங்கப் பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றுள் இதுவும் ஒன்று. இரண்டு வீட்டுக் கண்ணீருக்கும் ஊற்று ஒன்றாக இருந்ததை அந்த வகுப்பு அன்று உணரும். இத்தகவல் ஒவ்வொன்றும் கைப்பேசியில் இருக்கின்றது. ஆனால் எந்த இரண்டை இணைத்துத் தேட வேண்டும் என்பதை அந்த இரு பெண்களும் ஒரே பலகையில் அமர்ந்ததனால் அன்றோ அறிந்தனர்? கல்லூரி வாழ்க்கை என்று நாம் சொல்வது இதனைத்தான்.

நம் தொழிலிலிருந்தும் ஒன்று சொல்லலாம். இரயில் பயணச்சீட்டை இணையத்தில் பெறும் வசதி 2002-இல் வந்தது. இன்று முன்பதிவுச் சீட்டுகளில் பெரும்பகுதி இணையத்திலேயே விற்பனையாகின்றது. எனினும் முன்பதிவுச் சாளரத்தின் முன் இன்றும் மக்கள் நிற்கின்றனர். அவர்கள் யார்? இரயில் இரத்தானதால் வழி தெரியாத முதியவர். படிவம் நிரப்பத் தெரியாத தாய். எந்த ஊரில் இறங்கி எந்த வண்டி மாறினால் மருத்துவமனைக்குப் போய்ச் சேரலாம் என்று கேட்பவர். எளிய வேலையைப் பொறி எடுத்துக்கொண்டது. கடினமான கேள்வி மனிதரிடம் வந்து நிற்கின்றது. கலைக் கல்லூரி ஆசிரியர் நிலையும் அத்தகையதே. குறிப்புச் சொல்லி எழுத வைக்கும் வேலையைக் கருவி மேற்கொள்ளட்டும். மாணவனின் தடுமாற்றத்தைக் கேட்டு வழி சொல்லும் வேலை அவருக்கே உரியது. குறிப்பு மட்டுமே சொல்லிவந்த ஆசிரியருக்கு இஃது ஓர் எச்சரிக்கையாகவும் அமையும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் உரையாடும் பொறி வெளிவந்தது. அதன் பின் கட்டுரை எழுதும் வேலையையும் பொறி ஏற்றுக்கொண்டது. கேட்டால் தமிழிலும் எழுதித் தருகின்றது. சில வேளை இல்லாத நூலை இருப்பதாகவும், சொல்லாத ஒன்றைச் சொன்னதாகவும் உறுதியோடு கூறிவிடுகின்றது. மூல நூலைத் தானே படித்தவன் அப்பிழையைக் கண்டு சிரிப்பான். படியாதவன் அதை அப்படியே பெயர்த்தெழுதிக் கையொப்பமிடுவான். ஆகவே பொறி வளர வளர, படித்துப் பார்த்து ‘இது சரியன்று’ என்று சொல்லவல்லவரின் தேவையும் வளர்கின்றது. அத்தகையோரை உருவாக்கும் இடம் இலக்கிய வகுப்பும் வரலாற்று வகுப்புமே.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு கல்வெட்டுப் போன்ற சான்று நிற்கின்றது. நாட்டின் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1951-இல் இங்கே ஹிஜ்லியில் அமைந்தபோது, அதற்குக் கிடைத்த முதல் கட்டடம் எது? விடுதலை வீரர்களை அடைத்து வைத்த தடுப்புக் காவல் முகாம். 1931 செப்டம்பர் 16-ஆம் நாள் அங்கே கையில் ஆயுதமின்றி இருந்த கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்னும் இருவர் உயிர் நீத்தனர். இரவீந்திரநாத தாகூர் அக்கொடுமையைக் கண்டித்துக் குரலெழுப்பினார். இன்று அக்கட்டடத்தில் நேரு அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கின்றது.

அச்சுவர் எத்தனை அடி உயரம், எத்தனை பாரம் தாங்கும் என்று பொறியியல் சொல்லும். அச்சுவருக்குள் யார் இருந்தார்கள், ஏன் இருந்தார்கள் என்பதை வரலாறு சொல்ல வேண்டும். இரண்டும் வேண்டும் என்பதனால்தான் அத்தொழில்நுட்பக் கழகத்திலும் மானிடவியல், சமூக அறிவியல் துறை ஒன்று இயங்குகின்றது. 1948-49-இல் மெய்யியல் ஆசிரியரான டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக் கழகக் கல்விக் குழுவும், எத்துறை மாணவரும் பொதுக் கல்வி பெறுதல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது.

அன்பர்களே! இவற்றிலிருந்து நாம் கேட்டுக்கொள்வன இரண்டே.

ஒன்று: நம் குடியிருப்பில் ஒரு பிள்ளை கலைப் பாடம் கேட்டால், வேலையைப் பற்றி விவாதியுங்கள், செலவைப் பற்றி விவாதியுங்கள். ‘எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது’ என்ற ஒரு சொல்லால் மட்டும் அவ்விருப்பத்தை அடைத்துவிடாதீர்கள். கைப்பேசியில் விடைகள் இருக்கின்றன. ‘சிந்தாமணி படித்ததுண்டா?’ என்று கேட்க ஒருவர் வேண்டும்.

மற்றொன்று: நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பற்றியது. வருகை குறைந்துவிட்டது, எழுத்தும் பாட்டும் இணையத்திலேயே கற்கலாம், ஆதலின் வகுப்பை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு செயற்குழுவில் எழுந்திருப்பதை அறிவோம். எழுத்தை இணையத்தில் கற்கட்டும், அதற்குத் தடையில்லை. வகுப்பின் அந்த ஒரு மணி நேரத்தை வேறு வகையில் பயன்படுத்துவோம். பிள்ளைகள் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கட்டும். விளங்காத சொல்லுக்கு நம் பெரியோர் விடை சொல்லட்டும். பர்மாவிலிருந்து வந்த கதை தெரிந்த பாட்டியார் நம்மிடையே இருந்தால் அவ்வகுப்பில் வந்து அமரட்டும். கைப்பேசியும் உடன் இருக்கட்டும்; பாட்டியார் சொல்லும் ஊர் எங்கே உள்ளது என்று நிலப்படத்தில் பார்த்துச் சொல்ல அது உதவும்.

ஆறு பிள்ளைகள் வந்தாலும் அது வகுப்பே. செயற்குழு அன்பர்கள் இதை மனத்திற்கொண்டு முடிவு செய்யுமாறு பணிவோடு வேண்டுகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!