தூசியின் அளவும் தொழிலாளியின் உயிரும்



ஐரோப்பியத் தொழிற்சங்கங்கள் கூலி உயர்வுக்கே குரல் கொடுப்பவை என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். தொழிலாளி சுவாசிக்கும் காற்றுக்காகவும் அவை போராடி வருகின்றன.

அஸ்பெஸ்டசை எடுத்துக்கொள்வோம், நம் ஊர்களிலும் கூரையாய் வேயப்பட்டிருக்கும் அதே தகடுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் புதுப் பயன்பாடு 2005 இல் தடைசெய்யப்பட்டது. எனினும் பழைய கட்டடங்களில் அது இன்னும் இருக்கிறது. அவற்றை உடைப்போரின் நுரையீரலிற் படியும் நார், முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாய் வெளிப்படக்கூடும். அன்று முதலாளியும் இரார். அவரது கம்பனியும் இராது. யார்மீது வழக்குத் தொடுப்பது? நட்டஈடு தேடி நீதிமன்றப் படியேறுவதிலும் நாரை உட்புகாமற் தடுப்பதே மேல் என்கின்றன சங்கங்கள். சட்டத்தரணிகளாகிய நாமும் இதை மறுப்பதற்கில்லை, நம் வருமானம் குறைந்தாலும்!

ஒரு கன சென்ரிமீற்றர் காற்றில் 0.1 நார் என்றிருந்த உச்ச அளவை 0.001 ஆக்குமாறு ஐரோப்பியத் தொழிற்சங்கச் சம்மேளனம் கோரியது. 2023 இல் வந்த பணிப்புரை 0.01 என விதித்தது. நூறு மடங்கு குறைக்கக் கேட்டார்கள். பத்து மடங்கே கிடைத்தது.

தொழிலாளிக்குக் கடமைகள் உண்டென்பதால் முதலாளியின் பொறுப்புக் குறையாது என்றும், உடனடிப் பேராபத்தில் வேலையிடத்தை விட்டு விலகியவரைத் தண்டிக்கலாகாது என்றும் 1989 ஆம் ஆண்டுப் பணிப்புரையே கூறிவிட்டது. நல்ல சட்டந்தான். ஆனால் பரிசோதகர் வராத வேலைத்தலத்தில் அதை வாசிப்பவர் யார்? ஆகவேதான் பதினாயிரம் தொழிலாளருக்கு ஒரு பரிசோதகரேனும் வேண்டுமென்று அச்சங்கங்கள் இன்றும் வற்புறுத்துகின்றன.